பதினைந்து அங்குலத் தெளிவு

பிணத்தை வண்டியில் போட்டுக்கொண்டு கடை ஏறி இறங்குகிற காலம் வந்துவிட்டது. முன்னெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் உடம்பை வீட்டுக்குக் கொண்டுபோனால் வழியில் தேத்தண்ணி குடிக்கக்கூட நிறுத்தமாட்டார்கள். இப்போது ஆட்களுக்கு வெட்கமும் போய்விட்டது, பயமும் போய்விட்டது. செத்தவளையும் சாமான் வாங்கக் கூட்டிப்போகிறார்கள். வீரையா இதை மனதுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. மலர்ச்சாலை வண்டியின் முன் சீட்டிலிருந்து இறங்கும்போது கண்டி டவுனுக்கே கேட்கிற மாதிரித்தான் சொன்னார்.

“மெதுவா பேசுங்க மாமா. அஞ்சே நிமிசம்,” என்றான் மருமகன் சுரேஸ். “திவாகரன்தானே வாங்கச் சொன்னான். நாம என்ன செய்ய?”

வீரையாவின் மகன் திவாகரன் டோஹாவில் வேலையில் இருந்தான். தாய் ரத்தினம்மா விடியற்காலையில் கண்டி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். டிக்கட் இல்லை, லீவும் இல்லை. அம்மாவின் முகத்தையாவது கடைசியாய் ஒருமுறை தெளிவாகப் பார்க்கவேண்டும் என்று போனில் அழுதான். போன் திரை சின்னது, நல்ல டிஸ்ப்ளே உள்ள லெப்டொப் ஒன்று வாங்குங்கள், பிறகு அக்கா மகள் படிப்புக்கும் ஆகும் என்று அவனே யோசனையும் சொன்னான். எந்த நேரத்திலும் பிறகு ஆகப்போவதை நினைக்கிற பிள்ளைகள்.

வண்டிக்குள் பெட்டிக்குப் பக்கத்தில் அவனுடைய அக்கா சர்மிளா தாயின் காலைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஒரு பொலிஸ்காரன் வண்டியை எடுக்கச் சொல்லி விசில் ஊதிக்கொண்டிருந்தான்.

“நீங்களும் வாங்க மாமா. தனியா எடுத்தேன்னு பொறகு யாரும் பேசக்கூடாது.”

கடைக்குள் குளிர் அடித்தது. சுவர் நீளத்துக்கு லெப்டொப்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்தியது. கடையில் நின்ற ரிஸ்கான் என்ற இளைஞன் ஓடிவந்தான்.

“வாங்க அண்ணன், வாங்க ஐயா. என்ன வேலைக்குப் பாக்குறீங்க?”

“ஸ்கிரீன் நல்லதா இருக்கணும். அதுதான் முக்கியம்,” என்றான் சுரேஸ்.

“அப்ப இந்த ரெண்டுலதான் எடுக்கோணும். இது சாதாரண டிஸ்ப்ளே. இது ஓலெட். கறுப்புன்னா அசல் கறுப்பாவே ஈக்கி, பாருங்க.”

“கறுப்பக் காட்டுறதுக்கு ஒரு மிசினு,” என்றார் வீரையா. “கண்ண மூடுனாத் தெரியாதா?”

சுரேஸ் இடது பக்கம் போய்ப் பார்த்தான். வலது பக்கம் போய்ப் பார்த்தான். முட்டி போட்டும் பார்த்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. “சனம் நெறையா வரும் மாமா. மூலையில நிக்கிறவனுக்கும் திவாகரன் தெரியணும்ல?” என்றான். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் திரையின் ஓரத்தை விரலால் நெம்பினான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீனின் செதிலை எண்ணச் சொன்னால் எண்ணியிருப்பான். வெளியே விசில் மறுபடியும் கேட்டது.

“வெரசா எடுடா. அவ வெயில்ல கெடக்குறா,” என்றார் வீரையா.

ரிஸ்கான் கண்ணாடிக் கதவு வழியாக மலர்ச்சாலை வண்டியை எட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. “பொடி வெளியதானா ஈக்கி?”

“எங்க அத்தை. மச்சான் வெளிநாட்டுல. வீடியோவுல காட்டணும்,” என்றான் சுரேஸ்.

“கவலையா ஈக்கி அண்ணன்.” அவன் லெப்டொப்பின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினான். பிறகு, “ஒண்டு செல்லட்டா? இந்த ஸ்கிரீன்ல நீங்கதான் அவரப் பாப்பீங்க. அவருக்கு இங்க உள்ளது தெளிவாத் தெரியோணும்னா கெமரா நல்லமா ஈக்கணும். இதுல கெமரா சுமார்தான். தனிக் கெமரா ஒண்டு ஈக்கி, அதக் கொழுவினா…”

“அதானே பாத்தேன்!” வீரையா துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒண்ணு வாங்க வந்தா ரெண்டாத் தலையில கட்டுறது. எழவு வீட்டுக்காரன்னா இன்னும் லேசு. எனக்குப் படிப்பு இல்ல தம்பி, ஆனா யாவாரிய எனக்குத் தெரியும்.”

“ஐயா, நான் விக்கிறதுக்குச் செல்லல்ல.”

“விக்காம தர்மத்துக்கா கடை தொறந்து வச்சிருக்க? சுரேசு, அந்த மீன் பொட்டிய மட்டும் எடு. வா.”

சுரேஸ் ஒரு கணம் ரிஸ்கானைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான். பிறகு ஓலெட்டைக் காட்டி, “இதக் கட்டுங்க,” என்றான். ரிஸ்கான் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு வண்டிவரைக்கும் வந்து, அது கிளம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இதுவும் யாவாரத் தந்திரம்தான் என்று வீரையா நினைத்துக்கொண்டார்.

புசல்லாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. முன்னறையில் ரத்தினம்மாவைக் கிடத்தினார்கள். கால்மாட்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதன்மேல் லெப்டொப். அந்த வீட்டுக்குள் சிக்னல் வராது. முற்றத்தின் கோடியில் தண்ணிப் பைப்புக்குப் பக்கத்துக் கொய்யா மரத்தில் மட்டும்தான் பிடிக்கும். சுரேஸ் தன் போனை அந்தக் கிளையில் கட்டி, அதிலிருந்து லெப்டொப்புக்கு இணைப்புக் கொடுத்தான்.

திவாகரன் வந்தான். வந்தான் என்றால் அப்படி வந்தான். தாடி மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் இரண்டடுக்குக் கட்டிலின் துரு தெரிந்தது. மேல் கட்டிலில் யாரோ காயப்போட்ட பனியனின் கிழிசல் தெரிந்தது.

“ஐயோ, நேர்ல நிக்கிற மாதிரியே இருக்கான்!”

“எளைச்சிட்டான் பாரு. சோறு திங்கிறானோ என்னமோ.”

“என்னா கிளியரு! இது எங்க எடுத்தீங்க?”

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினார்கள். கால்மாட்டில் நிற்க இடமில்லை. தலைமாட்டில் சர்மிளாவைத் தவிர ஒரு குஞ்சு இல்லை. பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்களே, இதுகள் எழவுக்கு வந்ததுகளா, படம் பார்க்க வந்ததுகளா என்று வீரையா வாசலில் நின்று காறித் துப்பினார்.

“அம்மாவக் காட்டுங்க மச்சான்,” என்றான் திவாகரன்.

சுரேஸ் லெப்டொப்பைத் தூக்கித் திருப்பினான்.

“தெரியல. வெள்ளையா என்னமோ இருக்கு.”

கிட்டே கொண்டுபோனான். எட்டக் கொண்டுபோனான். குண்டு பல்பை அணைத்தார்கள், போட்டார்கள். ஒருவன் டோர்ச் அடித்தான்.

“மொகம் எங்க இருக்கு? புகை மாதிரி இருக்கு மச்சான். மூக்கு எது, வாய் எதுன்னே தெரியல.” அவன் குரல் உடைந்தது. “இது எங்க அம்மாதானா?”

அவன் அழுவது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. கண்ணீர் மூக்கோரம் இறங்கி மீசையில் தங்கியதுகூடத் தெரிந்தது. சுரேஸ் லெப்டொப்பைக் கையில் ஏந்தியபடி நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். வீரையா அந்தப் பார்வையைக் கண்டார். கடைக்காரன் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

சுரேஸ் ஏதாவது பேசியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

போனையே அவிழ்த்துவந்து காட்டலாம் என்று யாரோ சொன்னார்கள். வாசல்படி தாண்டுவதற்குள் லைன் அறுந்தது. மறுபடி கொய்யா மரத்துக்குக் கொண்டு ஓடினார்கள்.

“மூணரைக்குள்ள மூடி போடணும்,” என்றார் சடங்கு செய்ய வந்திருந்த பண்டாரம். “இன்னும் நீர்மாலை எடுக்கப் போகல. வாய்க்கரிசி போடல. நேரம் போகுது.”

வீரையா உள்ளே வந்தார்.

“பொட்டியத் தூக்குங்கடா.”

“எங்க?”

“கொய்யா மரத்துக்கு.”

பண்டாரம் துள்ளி எழுந்தார். “என்னா பேசுறீங்க அண்ணே! சடங்கு முடியாம வாசப்படி தாண்டக்கூடாது. தாண்டுனா திருப்பி உள்ள கொண்டாரவும் கூடாது. மானத்துல மழை வேற இருக்கு. செத்தவ புருசன் நீங்களே இப்படிச் செஞ்சா தோட்டம் என்னா சொல்லும்?”

“தோட்டம் இம்புட்டு நேரம் எதப் பாத்துக்கிட்டு நின்னுச்சோ அதையே போய்ப் பாக்கட்டும். உள்ள கொண்டாரவேணாம். மிச்சச் சடங்க மரத்தடியில செய்யி. உன் மந்திரத்துக்கும் சிக்னல் வேணுமா?”

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆட்கள் தயங்கி நின்றார்கள். வீரையா தானே குனிந்து தலைமாட்டுப் பிடியைப் பிடித்தார். எழுபத்தாறு வயதில் அது அசையவில்லை. முதலில் சுரேஸ் வந்து கை கொடுத்தான். பிறகு மற்றவர்கள் வந்தார்கள்.

பைப்படியில் இரண்டு பெஞ்சு போட்டுப் பெட்டியை இறக்கினார்கள். வெளிச்சம் நேராக விழுந்தது. சுரேஸ் போனிலேயே அழைப்பைப் போட்டு, அதைக் கிளையிலிருந்து கழற்றாமல், கிளையையே வளைத்துப் பிடித்து முகத்துக்கு நேரே காட்டினான்.

உள்ளங்கை அளவுத் திரையில் திவாகரன் இருந்தான். படம் அசையவில்லை. லைன் போய்விட்டதோ என்று சர்மிளா எட்டிப் பார்த்தாள்.

“தெரியுது,” என்றான் திவாகரன். “இப்ப நல்லாத் தெரியுது அக்கா. மஞ்சள் பூசியிருக்கீங்க.”

“ஆமாடா தம்பி.”

“அப்பா எங்க?”

வீரையா பெட்டியின் மறுபுறம் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து இதுவரை அவர் வண்டிக்காரனைப் பார்த்தார், கடைக்காரனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பெட்டிக்குள் பார்க்கவில்லை.

“இங்கதான் நிக்கிறேன். என்ன?”

“அம்மா நெத்தியில ஒரு ஈ உக்காந்திருக்குப்பா. அத ஓட்டுங்க.”

“டோஹாவுல இருக்கிறவனுக்கு ஈ தெரியுதாம்!” என்றார் வீரையா. சொல்லிக்கொண்டே குனிந்தார். துண்டு நுனியால் மெல்ல விசிறினார்.

“போயிருச்சுப்பா.”

“உனக்கென்ன தெரியும்?”

இன்னும் குனிந்தார். முகத்துக்கு மிகக் கிட்டே போய், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் மெதுவாகப் பார்த்தார். காதோரம் ஒதுங்கிக் கிடந்த நரைமயிரை விரலால் தள்ளி அதன் அடியிலும் பார்த்தார். ஈ இல்லை. ஆனாலும் துண்டை இன்னொருமுறை விசிறினார்.

“அப்பா, போயிருச்சுன்னு சொல்றேன்ல.”

“ஆமா, நீ கண்ட,” என்று சொல்லிவிட்டு, தப்பு அடிக்கிறவர்கள் பறைத்தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருந்த பக்கமாக நடந்தார்.