நெவ்வும் பெவ்வும், சேனல் நாற்பது

காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற எங்கள் கேரவன் வீட்டின் முதுகில் பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது: ‘நெவ் & பெவ், சேனல் 40.’ நெவ் என் புருஷன். பெவ் நான் இல்லை.

பெவ் அவனுடைய முதல் மனைவி. அவள் போய் நான்கு வருடமாகிறது. ரிட்டயர் ஆனதும் ஆஸ்திரேலியாவை ஒரு முழுச் சுற்று சுற்றி வரவேண்டும் என்று இருவரும் சேர்ந்து வாங்கிய வண்டி இது. வண்டி வந்தது, ஆசை ஆசையாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பிறகு அவளுக்கு நோய் வந்துவிட்டது. போன வருடம் என்னைக் கல்யாணம் செய்துகொண்ட நெவ், “க்ளெனிஸ், நாம போயிட்டு வரலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். நானும் சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன்.

நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் எல்லோரும் வயர்லெஸ்ஸில் சேனல் நாற்பதில் இருப்பார்கள். முன்னால் போகிற கேரவனின் முதுகைப் படித்துவிட்டு, “நெவ், பெவ், தாண்டிப் போகட்டுமா?” என்று பேர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். ராத்திரி தங்கும் கேரவன் பார்க்கில் டீ குடிக்கக் கூப்பிடுகிறவர்களும் என்னை “வாங்க பெவ்” என்பார்கள். நெவ் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. “அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்” என்பான். அவர்களுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியுமே! வாய் வரை வந்ததை விழுங்கிக்கொள்வேன். இந்த வண்டியில் எனக்கென்று ஓர் இடம் இருக்கிறதா, இல்லை வேறொருத்தியின் சீட்டில் சும்மா உட்கார்ந்து வருகிறேனா என்பதுதான் எங்கள் ஊர் பல்லாரட்டிலிருந்து கிளம்பியது முதல் என் மனதை அரித்துக்கொண்டிருந்த கேள்வி.

செடூனாவில் தங்கியிருந்தபோது உள்ளூர் கேரவன் கிளப்காரர்கள் இலவசமாக எடை போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஊரைத் தாண்டினால் நல்லர்போர் வெட்டவெளி, நூற்றுக்கணக்கான மைலுக்கு ஊரே கிடையாது. சக்கரங்களுக்கு அடியில் தட்டு மாதிரியான எடை மெஷின்களை வைத்துவிட்டு, டெஸ்மண்ட் என்கிற கிளப் ஆள் உதட்டைப் பிதுக்கினார்.

“நெவ், உங்க வண்டி மொத்தமா ரெண்டாயிரத்து நானூறு கிலோவுக்கு மேல போகக் கூடாது. இப்ப நூத்தி இருபது ஜாஸ்தி.”

“அதெப்படி? காலி வண்டி ரெண்டாயிரத்துக்கும் கம்மின்னு தகட்டுல போட்டிருக்கே! நானூறு கிலோவுக்கு மேல ஏத்தலாமே!”

“அந்தத் தகடு ஃபாக்டரியில அடிச்சது. அதுக்கப்புறம் வெளிப் பந்தல், ஏசி, ரெண்டாவது பேட்டரி, சோலார் எல்லாம் யாரு மாட்டினது?”

“நாங்கதான்.”

“அப்ப அதெல்லாம் அந்த நானூறுலதான் கழியும். கேஸ் சிலிண்டரும் அதுலதான். தண்ணித் தொட்டி எத்தனை? ரெண்டும் ஃபுல்லா?”

“ஃபுல்லுதான். தண்ணிதானே?”

“ஒரு லிட்டர் ஒரு கிலோ, ஐயா! எல்லாரும் கோட்டை விடுறது இதுலதான்” என்று டெஸ்மண்ட் சிரித்தார். “இன்னொண்ணு. முன்பக்கம் கார் கொக்கி மேல ரொம்ப அழுத்துது. கனமானதை எல்லாம் நடுவுல, சக்கரத்துக்கு மேல வைங்க. எடை கூடினா ஃபைன் மட்டும் இல்ல, ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான்.”

நெவ்வின் முகம் சுண்டிப்போனது. ஒரு தொட்டியைத் திறந்துவிட்டோம். தொண்ணூற்றைந்து கிலோ புல்லில் ஓடியது. இன்னும் இருபத்தைந்து.

இனிமேல்தான் சிக்கல். வண்டியின் முன்பக்கப் பெட்டியில் பெவ்வின் கற்கள் இருந்தன. அவள் போகிற இடமெல்லாம் மண்ணைக் கிளறிக் கல் பொறுக்குகிறவள். இது ஓப்பல், அது அகேட் என்று ரத்தினக்கல் பேராகச் சொல்வாளாம். ஒருநாள் எல்லாவற்றையும் பட்டை தீட்டப்போகிறாளாம். அதெல்லாம் நடக்காமலே ஒரு மரப்பெட்டி நிறையக் கல்லாக மிச்சம். முப்பத்தெட்டு கிலோ. அதை இறக்கினால் மொத்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

நான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். நெவ் நான் பார்ப்பதைப் பார்த்தான்.

“இரும்புச் சட்டி ரெண்டையும் கொடுத்துடலாம்” என்றான்.

“சரி. அப்புறம்?”

“டின் சாப்பாடு கொஞ்சம்.”

“அப்புறம்?”

அவன் அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தான். இறக்கிவிடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறக்கியிருப்பான். ஆனால் செத்துப்போனவளோடு நான் எதற்குச் சண்டை போடவேண்டும்? அவனாகச் சொல்லட்டும் என்று நின்றேன். சொல்லவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“அப்புறம் என்ன, என் அக்கார்டியன்தான். பதினொரு கிலோ” என்றேன்.

“வேணாம் கண்ணு, அது உனக்கு...”

“வேணாம்னா வேற எதைன்னு நீயே சொல்லு.”

இரும்புச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான், மனுஷன்.

கேரவன் பார்க்கின் துணி துவைக்கும் அறையில் ஒரு மேஜை உண்டு. வேண்டாததை அங்கே வைத்தால் வேண்டியவர்கள் எடுத்துப் போவார்கள். யாரோ விட்டுப்போன துப்பறியும் கதைப் புத்தகங்களுக்கும் ஒரு டோஸ்டருக்கும் நடுவில் என் அக்கார்டியனை வைத்தேன். தோளில் மாட்டி, துருத்தியை விரித்துச் சுருக்கி, முப்பது வருடம் பள்ளிக்கூட விழாக்களிலும் கல்யாணங்களிலும் வாசித்த பெட்டி. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். சாயங்காலம் டெஸ்மண்ட் மறுபடி எடை போட்டுவிட்டு, “இப்ப சரி” என்றார். என்ன சரியோ.

மறுநாள் நான் எழுந்திருக்கும்போதே நெவ் வண்டியைக் கட்டி முடித்திருந்தான். வழக்கமாக இருவரும் சேர்ந்து செய்கிற வேலை. “நீ டீயைக் குடி, எல்லாம் ஆச்சு” என்றான். முன்பக்கத்து அழுத்தத்தையும் குறைத்துவிட்டதாகப் பெருமை வேறு. நான் “ம்” என்றேன். கிளம்பும்வரை நான் பேசியதே அவ்வளவுதான்.

செடூனாவைத் தாண்டி ஒரு மணி நேரம் போயிருப்போம். எதிரே மூன்று டிரெய்லர்களைக் கோத்துக்கொண்டு ஒரு லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. கேரவன் இடதுபக்கம் ஒரு தள்ளு தள்ளியது. பிறகு வலதுபக்கம். பிறகு இன்னும் பெரிதாக இடது. நாய் வாலை ஆட்டுகிறதா, வால் நாயை ஆட்டுகிறதா என்றே தெரியவில்லை.

“கார் பிரேக்கைப் போடாத நெவ், இன்னும் ஆடும்!”

“போடல, போடல!”

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கேரவனுக்கு மட்டுமான பிரேக் குமிழைக் கையால் அழுத்தினான். ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஓரத்தில் நிறுத்தினோம்.

“என்ன பண்ணி வச்சிருக்க நெவ்?”

அவன் இறங்கிப்போய்ப் பின்பக்கப் பெட்டியைத் திறந்தான். உள்ளே பெவ்வின் மரப்பெட்டி. முன்பக்கத்துக் கனத்தைக் குறைக்கிறேன் என்று வாலில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறான், அசடு! வால் கனத்தால் வண்டி ஆடாமல் என்ன செய்யும்? நடுவில் வை என்று அந்த மனுஷன் தலைதலையாக அடித்துக்கொண்டாரே என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். மரப்பெட்டிக்குப் பக்கத்தில், படுக்கை விரிப்பில் சுற்றிய என் அக்கார்டியன் இருந்தது.

“விடியறதுக்கு முன்னாடி போய் எடுத்துட்டு வந்தேன்” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. “ரெண்டுக்கும் சேர்த்து நடுவுல இடமில்ல. ரெண்டுல எதையும் விட எனக்கு மனசு வரல, க்ளெனிஸ். உன்கிட்டச் சொன்னா எதையாவது ஒண்ணைச் சொல்லுன்னு கேப்ப.”

“கேட்டிருப்பேன்தான்.”

“ரெண்டையும் சுமக்கலாம்னு நெனச்சேன். உன்னைக் கொல்லப் பார்த்தேன்.”

எனக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நின்றேன். அவன் மரப்பெட்டியின் ஒரு காதைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. நான் கேட்காமலே அவனாகத்தான் இழுத்தான், அது எனக்குப் போதும். மறுகாதை நான் பிடித்தேன்.

சாலையோரத்துக் குட்டை யூகலிப்டஸ் மரம் ஒன்றின் அடியில் கற்களைக் கொட்டினோம். நெவ் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பரப்பி வைத்தான். மண்ணிலிருந்து வந்தவைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு வெகுநேரம் அழுதான். பெவ்வின் மேல் எனக்கிருந்த எரிச்சல் அங்கேயே தணிந்துவிட்டது. பச்சை ஓடிய ஒரு சின்னக் கல்லை எடுத்து என் அக்கார்டியன் பெட்டிக்குள் போட்டேன்.

“எடை கூடுமே” என்றான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“உன் பிஸ்கட் பொட்டலத்துல ஒண்ணைக் குறைச்சுக்கோ.”

அக்கார்டியனைச் சக்கரத்துக்கு மேலே, படுக்கைக்கு அடியில் வைத்துக் கட்டினோம். வண்டி நேராக ஓடியது. கொஞ்ச தூரத்தில் பின்னால் ஒரு லாரி வந்தது. வயர்லெஸ் கரகரத்தது.

“நெவ், பெவ், கேக்குதா? நான் தாண்டிக்கட்டுமா?”

மைக்கை நெவ் எடுத்தான்.

“தாண்டுங்க தம்பி, எதிர்ல எதுவும் இல்ல. அப்புறம்... பெவ் இறந்துட்டா. நாலு வருஷமாச்சு. இப்ப என்கூட இருக்கிறது க்ளெனிஸ்.”

லாரி எங்களைத் தாண்டி முன்னால் போனது. பிறகு அந்தக் குரல் வந்தது.

“மன்னிச்சுக்கோங்கண்ணே. க்ளெனிஸ், முன்னால கங்காரு நிக்குது. பார்த்து வாங்க.”