பதினேழாம் நம்பரும் ஒரு ஆரஞ்சும்

வெண்டல் புரோகாப்பால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. என் மரச்சாமான் கடையில் நாற்பது சோபா கிடக்கிறது. ஒன்றில்கூட அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்தால் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி வாடிக்கையாளர்களை வர்ணனை செய்துகொண்டிருப்பான்.

"சிவப்புக் கோட்டு அம்மா இடது ஓரமா போறாங்க, சாய்வு நாற்காலியைத் தாண்டிட்டாங்க, புருஷன் பின்னாடியே வர்றாரு, மெத்தைகிட்ட நின்னுட்டாங்க, அமுக்கிப் பாக்குறாங்க, இல்ல, விட்டுட்டாங்க."

இது காதில் விழுந்து அந்த அம்மா வெளியே போன நாளும் உண்டு.

"ஏன்யா, என் யாவாரத்தைக் கெடுக்கன்னே வர்றியா?" என்பேன்.

"பேசாம இருந்தா வாய் துருப்பிடிச்சுடும், முனீர்."

அவன் பிழைப்பே அந்த வாய்தான். எங்கள் ஹாரோஃபீல்டின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பத்தொன்பது வருஷமாக ரேடியோவில் நேர்முக வர்ணனை செய்கிறான். பக்கத்தில் நான். ஆட்டம் ஓடும்போது அவன் பேசுவான், விசில் அடித்து நின்றதும் நான் இரண்டு வார்த்தை சேர்ப்பேன். எனக்குச் சம்பளம் கிடையாது. பதிலுக்கு ஆட்டத்துக்கு நாலு தடவை என் கடை விளம்பரத்தை அவன் குரலில் வாசிப்பான். என் அப்பா லெபனானிலிருந்து வந்து, இந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளில் ஊசியும் நூலும் சுமந்து விற்றவர். இருந்திருந்தால் நாலை ஐந்தாக்கியிருப்பார்.

புரோகாப்புக்கு எங்கள் ஊர் பத்தொன்பது வருஷமாகத் தற்காலிகம்தான். வாடகை வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடித்ததில்லை. என்னிடம் அவன் வாங்கியது ஒரே ஒரு கட்டில், அதுவும் மடிக்கிற கட்டில். "கூப்பிட்டா உடனே கிளம்பணும்ல," என்றான். நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரர்கள் ஆடும் லீகில் மொத்தம் முப்பத்திரண்டு அணி. ரேடியோ வர்ணனைக்கு அணிக்கு ஒரே நாற்காலி. அதில் உட்கார்ந்தவன் லேசில் எழுந்திருக்க மாட்டான். எந்த ஊர் வர்ணனையாளருக்கு இருமல், யாருக்கு முட்டி வலி என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி இவனுக்குத் தெரியும். காலியாகும்போதெல்லாம் தன் வர்ணனையைப் பதிவு செய்து அனுப்புவான். பதினோரு தடவை அனுப்பிப் பதினோரு மரியாதையான கடிதம் வாங்கியிருக்கிறான்.

இந்த வசந்தத்தில் மேற்குக் கடற்கரையில் ஒரு நாற்காலி காலியானது. ஆள் எடுக்கும் டெலோர்ம் என்ற அம்மா நேரிலேயே ஃபோன் செய்தார். சனிக்கிழமை மத்தியான ஆட்டத்தைக் கேட்பாராம். மூன்று பகுதியில் இரண்டாவதை மட்டும்.

அந்த வாரம் முழுக்க அவன் ரோட்டில் போகிற லாரியை எல்லாம் வர்ணித்தான்.

வெள்ளிக்கிழமை வரை பனி கொட்டியது. சனிக்கிழமை காலையில் வெதுவெதுவென்று மழை. எங்கள் அரங்கம் என்னைவிட வயதானது. நனைந்த கோட்டோடு இரண்டாயிரம் பேர் உள்ளே வந்ததும், பனித்தரையிலிருந்து மூட்டம் கிளம்ப ஆரம்பித்தது. இரண்டாம் பகுதி தொடங்கியபோது ஆட்டக்காரர்களின் முழங்கால் மறைந்தது. பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. நடுவர் இரண்டு தடவை ஆட்டத்தை நிறுத்தினார். எல்லாரும் துண்டை வீசிக்கொண்டு வட்டமாகச் சறுக்கி மூட்டத்தைக் கலைத்தார்கள். அது கொஞ்சம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அந்தப் பகுதி முடிய நாலு நிமிஷம் பாக்கி இருக்கையில் நடுவர் அலுத்துப்போய் ஆட்டத்தை அப்படியே ஓட விட்டுவிட்டார்.

எங்கள் வர்ணனைக் கூண்டு நம் அணியின் பெஞ்சுக்கு நேர் மேலே தொங்குகிறது. பெஞ்ச் தெளிவாகத் தெரிந்தது. நடுக்கோட்டுக்கு அப்பால் பால் மாதிரி வெறும் வெள்ளை.

இனி இவன் வாய் அடங்கும் என்று நினைத்தேன். குரல் ஏறியது.

"நம்ம பதினேழாம் நம்பர் ஹவெல்கா வட்டைப் பறிச்சுட்டான், ஒருத்தனைத் தாண்டிட்டான், உள்பக்கம் வெட்டுறான், ரெண்டாவது ஆளும் காலி, ஹவெல்கா, இன்னும் ஹவெல்காதான்..."

எனக்குக் கை ரோமம் சிலிர்த்தது. அப்படி ஒரு ஓட்டத்தை நான் கேட்டதே இல்லை. எதேச்சையாகக் கீழே பார்த்தேன். ஹவெல்கா பெஞ்சில் இருந்தான். ஒரு காலில் ஸ்கேட் இல்லை. அதன் உடைந்த கத்தியை ஒரு ஆள் மாற்றிக்கொண்டிருக்க, இவன் ஆரஞ்சுச் சுளையைச் சப்பிக்கொண்டிருந்தான்.

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே நானும் எத்தனையோ சோபா விற்றிருக்கிறேன். பார்க்காததைப் புகழ்கிற அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்.

விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் '17 பெஞ்சில் இருக்கான்' என்று எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஏன் செய்தேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அரங்கத்திலேயே பாதிப் பேர் காதில் ரேடியோவோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நாளைக்குச் சிரிப்பார்கள் என்பது ஒரு காரணம். இவன் போய்விட்டால் என் விளம்பரத்தை இவ்வளவு நன்றாக யார் வாசிப்பது என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

படித்தான். வாய் மட்டும் பாதி வாக்கியம் தானாக ஓடியது. அதே நொடியில் அந்தக் கோடியில், எதிரணி வலைக்குப் பின்னால், மூட்டத்துக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. கோல். அந்தப் பக்கத்துச் சனம் மட்டும் கத்தியது.

"ஹ..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். ஹவெல்கா என்று முடித்திருந்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும். கேட்கிற டெலோர்ம் இருப்பது மேற்குக் கடற்கரையில், ஆரஞ்சு அங்கே தெரியப்போவதில்லை. ரேடியோவில் மூன்று நொடி மௌனம் என்பது கடையை இழுத்து மூடுகிற மாதிரி.

"கோல்," என்றான். "நம்மளுதுதான். யார் போட்டான்னு தெரியல. அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியல. இவ்வளவு நேரம் ஹவெல்கா ஹவெல்கான்னு சொன்னேன்ல, அது நானா சொன்னது. ஹவெல்கா பெஞ்சுல உக்காந்து ஆரஞ்சு சாப்புடுறான். மன்னிச்சுக்கங்க."

விசில் அடித்துவிட்டதால் என் முறை.

"நல்ல ஆரஞ்சு மாதிரிதான் தெரியுது," என்றேன். வேறு என்ன சொல்வது.

மிச்ச நேரத்தை அவன் காதால் வர்ணித்தான். "இடது மூலைப் பலகையில மோதுச்சு. ரெண்டு பேர் வர்றாங்க, ஒருத்தன் கனமான ஆள், நம்ம டிரெம்லெட்டா இருக்கணும், அவன் திரும்புறப்ப பனியைச் சுரண்டுற சத்தமே வேற. கம்பத்துல பட்டுச்சு, கேட்டுச்சா? விளக்கு எரியல."

கோல் போட்டதும் டிரெம்லெட்தான். வருஷம் முழுக்க ஒரு கோல் போடாதவன். ஒலிபெருக்கியில் பேர் சொன்னபோதுதான் அவனுக்கே தெரியும்.

படியிறங்கும்போது புரோகாப், "அந்தத் தாளை நீ நீட்டாம இருந்திருக்கலாம்," என்றான்.

"நீட்டாம இருந்தா?"

"கடல் பாத்துட்டு இருந்திருப்பேன்."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கடைக்கு மட்டும் வந்தான், நடப்பதற்கு. நாலாம் நாள் அலமாரிகளுக்கு நடுவே நடக்கும்போது ஃபோன் அடித்தது. நடந்துகொண்டே பேச வசதியாக அதை மேஜையில் வைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி அமுக்கினான்.

"நான் ரெண்டு காதுல கேப்பேன், மிஸ்டர் புரோகாப்," என்றார் டெலோர்ம். "ஒண்ணுல நீங்க, இன்னொண்ணுல எதிரணி ரேடியோ. அந்த மனுஷன் ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டு விளம்பரம் வாசிச்சுட்டு இருந்தாரு. இந்தக் காதுல நீங்க ஹவெல்காவை ஓட விட்டீங்க. பேனாவை மூடி வச்சுட்டேன்."

புரோகாப் நின்றுவிட்டான்.

"அப்புறம் ஆரஞ்சு வந்துச்சு. திரும்பப் பேனாவை எடுத்தேன்."

"அப்ப வேலை, மேடம்?"

"வேலைன்னு சொல்லல. செப்டம்பர்ல, சீசனுக்கு முன்னாடி, ரெண்டு ஆட்டம் வந்து பேசுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

"ரெண்டு," என்றான் அவன், கால் மேல் ஏதோ கனமாக விழுந்த மாதிரி.

என்னால் பொறுக்க முடியவில்லை. முதல் விலைக்குத் தலையாட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். "மேடம், நாலா ஆக்குங்க," என்றேன்.

"யாரது?"

"ஆரஞ்சைப் பாத்தவன்."

"மூணு," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

செப்டம்பருக்கு இன்னும் ஐந்து மாதம். அவன் ஒரு சோபாவின் கைப்பிடியைத் தொட்டான், உட்காரப்போகிறான் என்று நினைத்தேன். அப்போது கதவு திறந்து ஒரு இளம் ஜோடி நுழைந்தது. அவன் கால் தானாக நகர்ந்துவிட்டது.

"உள்ள வந்துட்டாங்க, நேரா போறாங்க, சாப்பாட்டு மேஜையைத் தாண்டி வலது பக்கம், அந்தப் பெரிய அலமாரிக்குப் பின்னாடி போயிட்டாங்க." நிறுத்தினான். "என்ன பண்றாங்கன்னு இங்கேருந்து தெரியல."

"எனக்குத் தெரியும்," என்றேன். "விலைச்சீட்டைத் திருப்பிப் பாக்குறாங்க."