வண்டிக்கு அடியில்

"கட்டியை மட்டும் எடுத்தாப் போதும்னு டாக்டர்கிட்ட சொல்லப்போறேன். சுத்தி இருக்கிறதை நோண்ட வேண்டாம்."

சொல்லிவிட்டுப் பெரியவர் சாப்பிட உட்கார்ந்தார். பழைய கார்களை வாங்கி விற்கிறவர். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவருடைய தம்பி தட்டிலேயே கண்ணாக இருந்தான். பரிமாறிக்கொண்டிருந்த தம்பி மனைவியின் கை மட்டும் நின்றுவிட்டது. மறுநாள் சிறுநீரகத்தில் அறுவை நடக்கப்போவது அவள் மகளுக்கு. ஐந்து வயது, சரியான வாயாடி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சுண்டெலி.

"எதை நோண்ட வேண்டாம், மாமா?"

"நெறிக்கட்டிதான், கட்டியைச் சுத்தி இருக்கிற சின்னச் சின்ன முடிச்சுங்க. கட்டியோட சேர்த்து அதையும் எடுத்துச் சோதிப்பாங்களாம். அதுலயும் நோய் இருந்தா வயித்துல கதிர்வீச்சு. அப்புறம் புள்ள உண்டாகறதே சிக்கலாகலாம்னு டாக்டரம்மாவே சொல்றாங்க. நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

"எடுக்காம விட்டா?"

"விட்டா ஒண்ணும் இல்ல. கிளறினாத்தானே வரும்?"

செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுகிற குழந்தை. அதற்குள் இவர் மாப்பிள்ளை பார்த்து, அவன் வேண்டாமென்று போயும் விட்டான்!

"பையனா இருந்தா எடுக்கச் சொல்லியிருப்பீங்களா, மாமா?"

"ஆம்பளைன்னா அது வேற கதை" என்றார் பெரியவர், சாதாரணமாக. அவள் கணவன் தண்ணீர் குடித்தான். அண்ணன் எதிரில் அவனுக்கு எப்போதும் தொண்டைதான் வறளும், குரல் வராது.

காலையில் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் பொறுமையாகவே சொன்னார். "சிறுநீரகத்துக்குப் பக்கத்துல இருக்கிற முடிச்சுங்களைப் பார்வையை வெச்சு நல்லது கெட்டது சொல்ல முடியாது. நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் எடுத்துச் சோதிக்கணும். இல்லன்னா நோய் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியாது. மருந்தைக் குறைச்சுக் குடுத்துட்டா திரும்ப வந்துரும்."

"குடும்பத்துல பேசி முடிச்சாச்சு டாக்டரம்மா" என்றார் பெரியவர்.

"என்கிட்ட யாரும் பேசல" என்றாள் அவள்.

அதோடு நிறுத்தவில்லை. பெரியவரின் கார் கொட்டகையில் சீட் உறை தைப்பவள் அவள். அவர் தொழில் செய்கிற அழகைத் தினமும் பார்ப்பவள்.

"மாமா, பெயிண்ட் பளபளன்னு இருந்தாலும் டார்ச்சைப் புடிச்சிக்கிட்டு வண்டிக்கு அடியில போய்ப் படுக்கறீங்களே, எதுக்கு?"

"உள்ள துரு இருந்தா நடுரோட்டுல நிக்கும்." வாயில் வந்துவிட்டது. பிறகுதான் முகம் கறுத்தது. "அது வண்டிம்மா!"

"ஆமா. இது என் பொண்ணு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அண்ணனைப் பார்த்தான். சரி, இவனை நம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை. "எல்லாத்தையும் எடுத்துப் பாருங்க டாக்டர். பெத்தவ நான் சொல்றேன்" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை முடிந்து சோதனை முடிவு வந்தது. ஒரு முடிச்சில் நோய் இருந்தது.

"நான்தான் சொன்னேனே, கிளறாதன்னு" என்று பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஏதோ அவள்தான் அதை உள்ளே கொண்டுபோய் வைத்ததுபோல. குழந்தையைக் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தாள். சுண்டெலிக்கு முடி கொட்டியது, சாப்பாடு கசந்தது. வாய் மட்டும் குறையவில்லை.

முடி மறுபடி முளைத்த பிறகு ஒருநாள், கார் வாங்க வந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி குழந்தையின் வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டாள்.

"குடல்வால் ஆபரேஷன்" என்றார் பெரியவர் அவசரமாக.

"இல்ல! கட்டி!" சுண்டெலி சட்டையை இன்னும் மேலே தூக்கிக் காட்டினாள். "நெறிக்கட்டியும் எடுத்தாங்க. ஒண்ணு கெட்டது!"

சொந்தக்காரி பதறிப்போய்ச் சட்டையை இழுத்து மூடினாள். "பொம்பளப் புள்ள, இதையெல்லாம் வெளிய சொல்லலாமா? நாளைக்கு..."

தையல் மெஷின் நின்றது.

"அவளுக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கணும்னுதான் அதை எடுத்தோம்" என்றாள் அவள். "நீ காட்டுடா கண்ணு."