இடது கைப் பாடம்

டெல்மர் ஹாட்ச்சின் மனைவி அவரை விட்டுப் போனது அவருக்குத் தெரியவே நாலு நாள் ஆயிற்று. மூன்று நாள் அணியோடு கான்சஸில் ஆட்டம். திரும்பி வந்தும் வீட்டுக்குப் போகாமல் கல்லூரி அறை சோபாவிலேயே படுத்துக்கொண்டார், மறுநாளும் ஆட்டம் இருந்ததால். அதற்கப்புறம் சட்டை மாற்றப் போனபோது அலமாரியில் அவர் துணி மட்டும் தொங்கியது. அடுத்த பயணத்தில் பேருந்தின் முன்சீட்டில் உட்கார்ந்து அவரே இதை எனக்குச் சொன்னார், மழை வருமா என்று கேட்கிற குரலில்.

நான் அந்தக் கல்லூரியின் பேருந்தை இருபத்தாறு வருஷம் ஓட்டியவள். பெயர் பெர்னடீன். அவர் பெர்னி என்பார்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் பேஸ்பால் கோச் என்றால் பாதிரியாருக்கு ஒரு படி கீழே. முப்பத்துமூன்று வருஷம் அவர் அப்படி இருந்தார். எண்ணூற்றுச் சொச்சம் வெற்றி. அறுபத்தெட்டு வயதில் கல்லூரி ஒரு கேடயம் கொடுத்து, கேக் வெட்டி, சாவியை வாங்கிக்கொண்டது. மறுவாரமே, மூடிப்போன டிராக்டர் கடையின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். வலை கட்டி, பந்து எறிபவர் நிற்க மண்மேடு போட்டு, அரை மணிக்கு ஒருவர் என்று தனிப்பாடம் எடுக்க ஆரம்பித்தார். காது மந்தமாகிவிட்டதால் போன் எடுக்க என்னைக் கூப்பிட்டார். நானும் ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தேன். போனேன்.

முதல் வருஷம் கூட்டம் வந்தது. பெரிய கோச் என்று பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். அப்புறம் நெடுஞ்சாலைப் பக்கம் புது இடம் ஒன்று திறந்தார்கள். பந்தின் வேகத்தைத் திரையில் காட்டுவார்கள், பிள்ளையைப் படமெடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்புவார்கள். கோச்சோ ஒரு பாடத்துக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார். மூன்றாம் வருஷத்தில் வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம். ஆனாலும் தினமும் ஏழு மணிக்கு வந்து மண்மேட்டைச் சீர் செய்துவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அந்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு ஒரு மனுஷன் வந்தார். ஐம்பது தாண்டிய வயது, கனத்த உடம்பு, வேலைக்குப் போகிற பூட்ஸ். பந்து எறியக் கற்றுக்கொள்ள வேண்டும், இடது கையால், என்றார். பெயர் சொல்லவில்லை, போன் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

“நீங்க இடது கைக்காரரா?” என்றார் கோச்.

“இல்ல. வலது கை தோளுக்கு மேல வராது.”

ஏன் என்று கோச் கேட்கவில்லை. அவர் எதையும் ஏன் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பந்தைக் கையில் கொடுத்து, காலை எங்கே வைப்பது என்று காட்டினார். முதல் நாள் ஒரு பந்துகூட வலைக்கு நடுவில் போகவில்லை. அந்த மனுஷன் சிரித்தார். கோச்சும் சிரித்தார், எனக்கு அதுவே புதிது.

இரண்டாம் வாரம் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பந்தைப் பிடித்ததும் தலையைக் கொஞ்சம் சாய்த்து மூச்சை விடுவார். கர்ட் நோவாட்னி. எண்பத்தெட்டில் இறுதி ஆட்டம் முடிந்து வருகையில் எனக்குப் பின்சீட்டில், தோளில் ஐஸ் பையோடு, சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்த பையன். ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டியது பதிமூன்றுக்கு நீள, அவன் ஒருத்தனையே எறியவிட்டு ஜெயித்த ஆட்டம் அது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் அவன் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

வாசலில் அவரைப் பிடித்தேன். கோச்சிடம் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். “தானா அவருக்குத் தெரியட்டும், மேடம்.”

தெரியவில்லை. ஆனால் கோச் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். அன்றைக்கு மட்டும் முகம் மழித்துக்கொண்டு வருவார். பேக்கரியில் இறைச்சியும் முட்டைக்கோஸும் வைத்த பன் மூன்று வாங்கி வருவார், பாடம் முடிந்து மூவரும் சாப்பிடுவோம். ஆகஸ்டில் நோவாட்னியின் பந்து பத்துக்கு ஆறு நடுவில் விழுந்தது. “இந்த வயசுல இப்படிக் கத்துக்கிட்ட ஆளை நான் பாத்ததில்ல பெர்னி,” என்றார் கோச் என்னிடம். தன்னைப் பற்றி எதுவும் பேசாத மனுஷன் பன்னைக் கடித்துக்கொண்டே பழைய ஆட்டங்களைச் சொல்லத் தொடங்கினார். எந்த வருஷம், எந்த ஊர், என்ன கணக்கில் ஜெயித்தோம், எல்லாம் விரல் நுனியில்.

அப்படித்தான் எண்பத்தெட்டு வந்தது.

“பதிமூணு இன்னிங்ஸ். ஒரே பையன் முழுக்க எறிஞ்சான். நூத்தி எழுபத்தொரு பந்து,” என்றார்.

“யார் அந்தப் பையன்?” என்றார் நோவாட்னி.

கோச் மேலே கூரையைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார். “உயரமா இருப்பான்... பேரு வாய்ல நிக்குது, வர மாட்டேங்குது.”

நோவாட்னி பன்னை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். காகிதத்தை மடித்துக் கூடையில் போட்டார். கோச்சோடு கை குலுக்கிவிட்டுப் போனார். அடுத்த செவ்வாய் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. கோச் இரண்டு நாளும் மூன்று பன் வாங்கி வந்திருந்தார். உடம்பு சரியில்லையோ என்று போன் போடச் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

கோச் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் கொட்டகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். கண் அறுவைக்குப் பிறகு தூரம் கார் ஓட்டக்கூடாது அவர். பழைய ஆட்டக்குறிப்பு நோட்டு ஒன்று கையில். “என்னைக் கூட்டிட்டுப் போ,” என்றார்.

நோவாட்னி வேலை பார்க்கும் தானியக் கிடங்கு அறுபது மைல். மக்காச்சோள அறுவடை தொடங்கியிருந்தது. லாரிகள் வரிசையில் நின்றன. எடைமேடை அருகே அவரைக் கண்டோம். கோச் நேரே போய் நின்றார். அதுவரை நீங்க என்றே பேசியவர் அன்றைக்குப் பழையபடி நீ என்று பேசினார்.

“கர்ட். ரெண்டு தடவ சொன்ன நீ, தோள் வலிக்குதுன்னு. ஒம்பதாவது முடிஞ்சு ஒரு தடவ, பதினொண்ணுல ஒரு தடவ. உன் பேர மறந்துட்டேன். நீ சொன்னத மறக்கல. கேட்டுது எனக்கு.”

நோவாட்னி கையுறையைக் கழற்றினார். “ஜெயிச்சோம்ல கோச்.”

“ஜெயிச்சோம்.”

“அது போதும்னுதான் நானும் ரொம்ப நாள் இருந்தேன்.”

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நோவாட்னி அவனைப் பார்த்துக் கையை உயர்த்தினார், இடது கையை.

“பின்ன எதுக்குய்யா எங்கிட்ட வந்த?” என்றார் கோச்.

“பந்து எறிய எனக்குப் பிடிக்கும். அத உங்கள விட நல்லாச் சொல்லித் தர்ற ஆள் எனக்குத் தெரியல.”

செவ்வாய்க்கிழமை வா என்று கோச் கேட்டார். இல்லை என்றார் நோவாட்னி. கோபமில்லாமல்தான் சொன்னார். கற்றுக்கொண்டது போதும், இனிமேல் வீட்டுப் பின்புறச் சுவரில் எறிந்துகொள்வேன் என்றார். அப்புறம் லாரிக்குப் போய்விட்டார்.

திரும்புகிற வழி முழுக்கக் கோச் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்துமூன்று நோட்டையும் கொட்டகைக்குக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார். அதிகமாக எறியவிட்ட பையன்கள் என்று பதினேழு பேரை எழுதினார். நான் எண் தேடிப் போட்டுக் கொடுத்தேன். அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார்: கை எப்படி இருக்கு? இரண்டு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஒருவன் கல்லூரிக்கு நன்கொடை கேட்கிறார் என்று நினைத்து, இந்த வருஷம் கஷ்டம் கோச் என்றான். ஒருவன் வைது தீர்த்தான், கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவனுக்கு ஆட்டமே நினைவில்லை, நல்லாத்தான் இருக்கேன், ஏன் கேக்குறீங்க என்றான்.

பட்டியல் முடிய மூன்று வாரம் ஆயிற்று. அக்டோபரில் கொட்டகையைக் காலி செய்தோம். வலைகளை உயர்நிலைப் பள்ளி எடுத்துக்கொண்டது. இப்போது அவரைத் தபால் நிலையத்தில் பார்க்கிறேன், சில சமயம் மளிகைக் கடையில், ஒரு சூப் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு. எப்படி இருக்கீங்க என்பேன். இருக்கேன் பெர்னி என்பார்.