இடது சக்கரத்தின் ஆட்டம்

அந்த ஜீப் மூன்றாவது முறையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வண்டியைப் பார்த்து இல்லை, ஓட்டி வந்தவளைப் பார்த்து.

அவள் என் கணவரின் அத்தை மகள். மாட்டு டாக்டர். மலைப்பக்கத்துப் பண்ணைகளுக்கெல்லாம் அந்தப் பழைய ஜீப்பில்தான் போய்வருவாள். ஒரு காலத்தில் அவளைத்தான் இவருக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு இருந்தது. பேச்சு நின்றுபோனது. இவர் என்னைக் கட்டிக்கொண்டார், அவள் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. நான் மட்டும் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்வேன்.

"அத்தான், இன்னும் உதறுது," என்றாள் இறங்கும்போதே. "ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினா போதும், ஸ்டியரிங்கு கையைப் பிடிச்சு ஆட்டுது. டயர் ஓரம் வேற தேயுது."

அத்தானாம். மற்றவர்களிடம் வெடுக்கென்று பேசுகிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு குழைந்து வருமோ.

முன்சக்கரத்தில் ஆட்டம் பார்ப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் மேலே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைக்க வேண்டும், கேட்கும்போது பிரேக்கை மிதிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டி வந்தாலும் மேலே நான், அடியில் அவர். வீட்டு விஷயத்தில் பாதியை நாங்கள் பேசித் தீர்த்ததே அப்படித்தான். அவர் வண்டிக்கு அடியிலிருந்து கத்துவார், நான் சீட்டிலிருந்து பதிலுக்குக் கத்துவேன்.

இந்த ஜீப்புக்கு மட்டும் அவர் என்னைக் கூப்பிடவில்லை. "நீயே ஏறி உக்காரு," என்று அவளிடம் சொன்னார். என் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். நான் கல்லாப்பெட்டிப் பக்கம் நின்று அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதற்குச் சிரிக்கிறாள், எப்போது சிரிப்பு நிற்கிறது, எங்கே பார்க்கிறாள், ஒன்றையும் விடவில்லை.

முதல் தடவை பேரிங்கை இறுக்கினார். அடுத்த தடவை ஸ்டியரிங் தண்டைச் சக்கரத்தோடு இணைக்கிற டைராடு எண்டுகளை மாற்றினார். இரண்டு தடவையும் சக்கரத்தை ஒட்டி நூல் கட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக் குனிந்து, டேப்பால் முன்னும் பின்னும் அளந்து அலைன்மென்ட் வைத்தார். அளவில் குறை சொல்ல முடியாது. அதற்கப்புறம், "ட்ரையல் பாத்துட்டு வர்றோம்," என்று இரண்டு பேருமாகக் கிளம்பிவிடுவார்கள். மற்ற வண்டிகளுக்கு ட்ரையல் என்றால் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவதுதான். இந்த ஜீப்பின் ட்ரையல் முடிவதற்குள் நான் போட்டு வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லுகிற மனுஷன் அவர். அவருக்கு இந்த உதறல் பிடிபடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நெருப்பில்லாமல் புகையுமா? கோளாறு அவருக்குத் தெரியும், அவள் திரும்பத் திரும்ப வரட்டும் என்று வேண்டுமென்றேதான் விட்டுவைக்கிறார். இதுதான் என் கணக்கு. அந்தக் கணக்கோடு படுத்தேன், எழுந்தேன், ஆக்கின சோற்றைத் தின்றேன். என் புருஷனை என் கண் முன்னாலேயே இழந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

இந்த மூன்றாவது தடவை அவள் வண்டியை விட்டுவிட்டு ஏதோ பண்ணைக்காரரின் லாரியில் ஏறிப் போனாள். இவர் மறுபடியும் டைராடு எண்டு வாங்க ஸ்பேர் கடைக்குப் போனார். மாற்றினதையே மாற்றப் போகிறாராம்! நான் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு ஜாக்கியை எடுத்தேன்.

இடது பக்க அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். உள்ளே மூட்டு தட்டுவது கைக்கு நன்றாகத் தெரிந்தது. பேரிங்காக இருந்தால் பிரேக்கை மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றுவிட வேண்டும். மிதிக்க ஆள் இல்லை. சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி வந்து ஆட்டினேன். நிற்கவில்லை, அப்படியே ஆடியது. குனிந்து பார்த்தால், அச்சின் முனையில் சக்கரம் திரும்புகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியவே இடைவெளி திறந்து மூடியது. அந்த மூட்டுக்குள் இருக்கிற கிங்பின் புஷ் தேய்ந்து ஓய்ந்திருந்தது. இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு எத்தனை தடவை அலைன்மென்ட் வைத்தாலும் பள்ளத்தில் இறங்கியதும் அது ஓடிப்போகும்.

பச்சைப்பிள்ளை பிடித்தாலும் தெரிகிற ஆட்டம் அது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிடிபட்டார் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி வந்ததும் நான் சக்கரத்தைக் காட்டினேன். "இதைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க."

"நீ ஏன் ஜாக்கி போட்ட?"

"ஆட்டிப் பாருங்கன்னு சொல்றேன்ல."

இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்க ஆடுது?"

"நடிக்காதீங்க. நான் என்ன காதுல பூ சுத்திக்கிட்டா நிக்கறேன்?"

அவருடைய கையை இழுத்துப் புஷ் இருக்கும் இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, என் மறுகையால் சக்கரத்தை ஓங்கித் தள்ளி ஆட்டினேன். என் கைக்கு அடியில் அவர் விரல்கள் இருந்தன. அவற்றைத் தாண்டி எனக்கே அந்த அடி தெரிந்தது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு மெதுவாகக் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தார்.

"ஆமா, ஆடுது," என்றார். "கண்ணுக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது, சுடுவதுகூட லேட்டாகத்தான் தெரிகிறது என்றார். அதனால்தான் நூலும் டேப்பும், எல்லாம் கண்ணளவு. ட்ரையல் என்று இரண்டு பேரும் போனது நரம்பு டாக்டரிடம். அங்கே காத்திருக்கிற கூட்டத்தில் நேரம் ஆகிவிடுமாம்.

"அவகிட்ட சொன்னீங்க," என்றேன். "எங்கிட்ட சொல்லல."

"நான் சொல்லல. அவளே கண்டுபிடிச்சுட்டா. மொத தடவை வந்தப்ப வாஷர் கீழ விழுந்துச்சு. எடுக்க எடுக்க நழுவுச்சு. மேல இருந்து பாத்துட்டா."

"நானும் இங்கதானே நின்னேன்? நான் பாக்கலையா?"

"நீ எங்க என்னைப் பாத்த? அவளையே பாத்துட்டிருந்த."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குத்துவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். அதனாலேயே அது ஆழமாக இறங்கியது.

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்டயாவது கெட்டிக்காரனா இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன். அதான் உன்னை மேல ஏறவும் கூப்பிடல."

நான் பயந்தது நடந்திருந்தால்கூட எனக்கு ஒரு வழி தெரிந்திருக்கும். அவள் வண்டிச் சாவியைத் தெருவில் வீசியிருப்பேன், நாலு பேர் கேட்கக் கத்தியிருப்பேன். இந்தப் பத்து விரலோடு யார் சண்டை போடுவது?

சாயங்காலம் அவள் வந்தாள். இவர் அலமாரிப் பக்கம் திரும்பி ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, கோளாறு பிடிபட்டுதா?"

"கிங்பின் புஷ்ஷு. உங்க அத்தான்தான் கண்டுபிடிச்சார்."

அவள் பார்வை நேராக இவருடைய கைக்குப் போனது. டாக்டர் அல்லவா, மறைக்கத் தெரியவில்லை. எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. உண்மையெல்லாம் தெரிந்த பிறகும் கொஞ்சம்கூடக் குறையாமல் எரிந்தது.

"அந்தக் கையை நீ பாத்தது போதும்," என்றேன். "இனிமே நான் பாத்துக்கறேன். டாக்டர்கிட்ட நாங்களே போய்க்கறோம்."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. "சரிக்கா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்து என்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், எந்தெந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், எதைக் கொடுத்தால் அவருக்குக் குமட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். என் புருஷனைப் பற்றி நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.