காப்பி குடிச்சாச்சு, மாமா!

ரெஜிலா மாமனாரின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கூட முடிக்கவில்லை. அதற்குள் சுந்தரராஜ் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளே, காப்பி ஒண்ணும் ஆகல்லியா?"

நெய்யூர்ப் பக்கத்தில் காப்பி குடிப்பது என்றால் காலைச் சாப்பாடு. புட்டும் பயறும் பால் விடாத கட்டஞ்சாயாவும் இப்போதுதான் அவர் வயிற்றுக்குள் போயிருந்தன.

"குடிச்சாச்சு, மாமா! இப்பதானே குடிச்சிய!"

"எப்போ? நேத்து உச்சைக்குப் பிறவு எனக்கு ஒண்ணும் தரல்லியே" என்றவர், சட்டையை மாட்டிக்கொண்டு முக்கிலிருந்த சாயாக்கடைக்கு விடுவிடுவென்று நடந்தார்.

தினமும் இதே பாடுதான். "மருமவ பட்டினி போடுகா" என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், கடைக்கார முருகதாஸுக்கு நெஞ்சு உருகிவிடும். ஆப்பமும் பழம்பொரியும் வரும், சீனி தூக்கலாகச் சாயாவும் வரும். காசு வாங்கமாட்டான், பெரிய புண்ணியவான்! அடுத்த வீட்டுச் செல்லபாய் தன் பங்குக்குச் சோறு போடுவாள். "அவருக்கு சுகர் இருக்கு, குடுக்காதீங்க" என்று ரெஜிலா வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டாள். பட்டினி போடுகிறவள் வேறு என்ன சொல்லுவாள் என்று அவர்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து அவள் வெளியே வந்தால், கூடி நிற்கும் பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். பொங்கிப் போட்ட கைக்கு இந்தப் பேரா?

மஸ்கட்டிலிருந்து கணவன் ஜெப்சன் போனில் குதித்தான். "ஏட்டி, எங்க அப்பாவுக்கு ஒரு நேரம் சோறு போட உனக்கு நோவுதா? ஊரே சிரிக்கு!"

"வேளாவேளைக்குப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். தின்னதை அவரு மறந்துபோறாரு. ஒருக்கா நரம்பு டாக்டர்ட்ட காட்டணும்னு எத்தன மட்டம் சொன்னேன்?"

"அவருக்கா மறதி? போனை அவருட்ட குடு!"

கொடுத்தாள். சுந்தரராஜ் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய களியக்காவிளை ரூட்டை மகன் கேட்டதும், பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை என்று கடைசி ஸ்டாப் வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னார்.

"கேட்டியா? உனக்குத்தான் தலையில கோளாறு!" என்று போனை வைத்தான் ஜெப்சன். ரெஜிலாவுக்கு அந்தப் போனைக் கிணற்றில் வீசலாமா என்று வந்தது.

மறுநாள் அவன் தங்கை பிரீனா கருங்கலிலிருந்து வந்து இறங்கினாள். "மைனி, இனி அப்பாவை நான் பாத்துக்கிடுகேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மத்தியானம் தன் கையாலேயே சாளை மீன் கறியும் சோறும் பரிமாறினாள். அவர் ரசித்துச் சாப்பிட்டார், கை கழுவினார், முற்றத்தில் இறங்கி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"செல்லபாய், கொஞ்சம் சோறு இருக்குமா? பெத்த மவளும் தரமாட்டேங்குகா."

செல்லபாய் பிரீனாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிரீனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ அப்பா! இப்பதானே தின்னிய!"

"இதைத்தான் நான் தொண்டை கிழியச் சொன்னேன்" என்றாள் ரெஜிலா. நாளைக்கே டாக்டரிடம் போவதென்று இருவரும் முடிவு செய்தார்கள். விடிந்து எழுப்பினால் ஆள் எழும்பவில்லை. கண்ணைத் திறக்கிறார், பேச்சில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்கள். அவர் தெளிந்த பிறகு ஸ்கேனும் மற்றப் பரிசோதனைகளும் எடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர் இந்துஜா, வீட்டாரை அழைத்தார். ஆளைப் பார்க்க வந்த முருகதாஸும் கூடவே நின்றான்.

"மூளையில காதுக்கு உள்பக்கமா, ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு பாகம் இருக்கு. புதுசா நடக்கிறதைப் பதிய வைக்க அது வேணும். இவருக்கு அது சுருங்கியிருக்கு. அதனால சாப்பிட்டது மனசுல பதியவே இல்ல. பழைய ஞாபகமெல்லாம் மூளையில வேற இடங்கள்ல எப்பவோ ஊறிப்போனது, அது கடைசியிலதான் போகும். அதை வச்சு மூளை நல்லாயிருக்குன்னு முடிவு கட்டினா எப்படி? முழுசா குணமாக்க மருந்து இல்ல. ஆனா முன்னாடியே வந்திருந்தா இவரை இன்னும் நல்லாப் பாத்திருக்கலாம். ஆமா, சர்க்கரை நோயாளிக்கு இவ்வளவு தின்னக் குடுத்தது யாரு?"

"பாவம் பாத்துக் குடுத்ததாக்கும், மேடம்" என்று முருகதாஸ் முனகினான்.

பிரீனா கையிலிருந்த போனில் ஜெப்சன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "ரெஜிலா, அப்பா பொய் சொல்லமாட்டாருன்னு நம்பிட்டேன்" என்றான், குரல் இறங்கி.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் ரெஜிலாவுக்குப் பொங்கிவிட்டது.

"அவரு பொய் சொல்லல்ல. அவருக்க மூளை அவருட்ட அப்பிடித்தான் சொல்லிச்சு. கைகால்ல வாற சீக்கு மாதிரி இது மூளையில வந்த சீக்கு. வயசானவங்களுக்கு ஞாபகம் பிசகினா, மொதல்ல டாக்டர்ட்ட காட்டணும். அதை விட்டுட்டு வீட்டுல பொங்கிப் போடுகவ மேல பழி போட்டிய, அதுல அவருக்க உயிரு போகப் பாத்துது! சாப்பிட்டது மறந்துபோறது அவருக்கு நோவு. உங்க எல்லாருக்கும் மூளை நல்லாத்தானே வேலை செய்யுது? 'வீட்டுல என்ன நடக்கு'ன்னு என்கிட்ட கேக்க உங்கள்ல ஒருத்தருக்காவது தோணிச்சா?"