இலைக்குப் பதினெட்டு டிகிரி

இலையைக் காம்போடு கிள்ள வேண்டும். கிழிந்தால் பெட்டியில் சேராது; உள்ளங்கையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டாலும் சேராது. பத்து இலை ஒரு கட்டு. சன்னாரி குத்தவைத்தபடியே பாத்தி பாத்தியாக நகர்ந்துகொண்டிருந்தாள். ஞாயிறு விடுமுறைதான். ஆனால் நாலு பெட்டி பறித்துக் கொடுத்த பிறகுதான் விடுமுறை தொடங்கும். கம்போடியாவிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து மூன்று வருடத்தில், கெனிப் என்கிற இந்தக் கீரையிலையின் சாறு ஏறி விரலெல்லாம் கறுத்துவிட்டது. சோப்பு, எலுமிச்சை, பற்பசை, எதற்கும் அந்தக் கறை அசையவில்லை.

வெளியே உறைபனி; பசுமைக்குடிலுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. இரட்டைப் பிளாஸ்டிக் கூரைக்கு நடுவே, குளிர் இறங்காமலிருக்க, ஆழ்குழாய்த் தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டே இருந்தது. மூலையில் சூடான காற்றை ஊதும் இயந்திரம் உறுமியது. வாசலில் தொங்கிய வெப்பமானி பதினெட்டு காட்டியது. அதற்குக் கீழே போனால் இலை சுருங்கிவிடும் என்று முதலாளி ஹ்வாங் அடிக்கடி வந்து பார்ப்பார். சன்னாரியைவிட அவருக்கு வயது குறைவு. கூப்பிடுவதென்னவோ, "ஏய், கம்போடியா"தான்.

பின்னால் கறுப்புத் துணி போர்த்திய இன்னொரு குடில். அதற்குள் ஒரு இரும்புப் பெட்டி அறை. சன்னாரியும் கூட வேலை பார்க்கும் மாலிஸும் அங்கேதான் குடியிருந்தார்கள். குழாய் உறைந்து ஐந்து நாள் ஆகிறது. சூடேறும் மின்பாய் வியாழக்கிழமை கருகிப்போனது. மறுநாள் மாலிஸுக்குக் காய்ச்சல் கண்டது. இருபத்து மூன்று வயதுப் பெண், பல் கிட்டிப்போய் நடுங்கினாள். ஊசி போட்ட டாக்டர், "மருந்தைவிட இதுதான் முக்கியம். கதகதப்பான இடத்துல படுக்க வைங்க" என்றார்.

"கதகதப்பான இடமாம்! அப்படியே அவரு வீட்டு விலாசத்தையும் எழுதிக் குடுத்திருக்கலாம்லக்கா?" என்று அந்த நடுக்கத்திலும் மாலிஸ் சிரித்தாள்.

முதலாளியம்மாவிடம் சன்னாரி மூன்றாவது தடவையாகப் போய் நின்றாள்.

"புதுப் பாய் செவ்வாய்க்கிழமை வந்துரும்மா. இன்னைக்கு லீவுதானே, டவுன்ல குளியல் மண்டபத்துக்குப் போங்களேன். வெந்நீர்ல ஊறிட்டு, சுடுதரை ரூம்ல சாயங்காலம் வரைக்கும் படுத்துக்கிடலாம். நான் வாராவாரம் போறேனே!"

நல்ல மனதோடுதான் சொன்னாள். தனக்குத் திறக்கிற கதவு இவர்களுக்கும் திறக்கும் என்று நினைத்துவிட்டாள். சன்னாரியும் அப்படித்தான் நினைத்தாள்.

பேருந்தில் மாலிஸ் தோளில் சாய்ந்துகொண்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"வேற தோட்டத்துக்குப் போயிரலாமாக்கா?"

"முதலாளி கையெழுத்துப் போட்டாத்தானே போக முடியும்? போன வருஷம் நம்மகூட இருந்த பொண்ணு கேட்டதுக்கு, ஓடிப்போயிட்டான்னு அதிகாரிங்ககிட்ட எழுதிக் குடுத்தாரு. பேசாம தூங்கு."

குளியல் மண்டபத்தில் காசு வாங்கும் இடத்தில் ஒரு பெண் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் வந்தன. மாலிஸ் கண்ணை மூடி அதை இழுத்து மூச்சு விட்டாள்.

"ரெண்டு பேரும்மா," என்றாள் சன்னாரி.

"வெளிநாட்டுக்காரங்கள விடுறதில்ல."

சன்னாரி அவசரமாக அடையாள அட்டையை எடுத்து நீட்டினாள். "அட்டை இருக்கும்மா. ஹ்வாங் தோட்டத்துல வேலை பாக்குறோம்."

"அட்டையா கேட்டேன்? வர்ற கிழவிங்க, தண்ணிய மாத்து தண்ணிய மாத்துன்னு என் உசுர வாங்குவாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

"தண்ணியில இறங்கல. சுடுதரை ரூம்ல மட்டும் படுத்துக்கிறோம். இவளுக்குக் காய்ச்சல்..."

காய்ச்சல் என்று சொல்லியிருக்கக் கூடாது. தலையில் துண்டு சுற்றி உள்ளேயிருந்து வந்த ஒருத்தி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காய்ச்சலா? அந்தக் கையப் பாரு! என்ன வியாதியோ, எந்த ஊரு வியாதியோ!"

"வியாதி இல்லம்மா. இலைச் சாறு. கெனிப் இலை. நீங்க கறி வச்சுச் சுருட்டிச் சாப்பிடுவீங்களே, அது."

"ஐயே! இந்தக் கையாலயா பறிக்கிறீங்க?"

சன்னாரி அட்டையைப் பைக்குள் வைத்தாள். காசு வாங்குகிறவள் இரண்டு ஆரஞ்சை அவள் பக்கம் நகர்த்தி வைத்து, "போற வழியில சாப்பிடுங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

வெளியே கொதிகலன் அறையின் சுவர் சூடாக இருந்தது. மாலிஸ் அதில் முதுகை ஒட்டி நின்றாள். மூன்று நாளில் முதல் தடவையாக நடுக்கம் குறைந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. காசு வாங்கும் அந்தப் பெண்ணே வாசலுக்கு வந்தாள்.

"இங்க நிக்காதீங்கம்மா. வர்றவங்க பாப்பாங்க."

திரும்பி வந்ததும் சன்னாரி மாலிஸை அந்த இரும்பு அறைக்குக் கூட்டிப்போகவில்லை. நேரே இலைக் குடிலுக்குள் கொண்டுபோனாள். இரண்டு பாத்திகளுக்கு நடுவே அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து அவளைப் படுக்க வைத்தாள். சற்று நேரத்தில் மாலிஸின் நெற்றியில் வேர்வை பூத்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை மாதிரி தூங்கினாள். சன்னாரி ஒரு ஆரஞ்சை உரித்து, முகர்ந்து, அவள் எழுந்ததும் கொடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஹ்வாங் வெப்பமானி பார்க்க வந்தார்.

"ஏய்! என்ன இது?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் முதலாளி. ஒரு மூலையில."

"காய்ச்சல்காரியக் கொண்டாந்து இலைக்குள்ள படுக்க வச்சிருக்கியே, புத்தி இருக்கா? வாங்குறவங்களுக்குத் தெரிஞ்சா மொத்தமும் திரும்பி வந்துரும். எழுப்பு."

"இப்பதான் தூங்குறா..."

"எழுப்புங்கிறேன்ல! கதவ வேற ஒழுங்கா சாத்தல. பாரு, பதினேழாயிருச்சு!"

மாலிஸ் தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். "மன்னிச்சிருங்க முதலாளி" என்றாள். அவள் தோள் பட்டிருந்த செடிகளின் இலைகளை ஹ்வாங் ஒவ்வொன்றாகக் கிள்ளி வெளியே எறிந்தார். பிறகு இயந்திரத்தின் சூட்டைக் கூட்டிவைத்து, கதவை இழுத்துச் சாத்தினார்.

இரும்பு அறையில் மாலிஸுக்குக் கையிலிருந்த எல்லாத் துணியையும் போர்த்திவிட்டு, சன்னாரி மாத்திரையை எடுத்தாள். காலையில் இலைக் குடிலிலிருந்து செம்பில் பிடித்து வந்து வைத்த தண்ணீரின் மேல் பனி ஏடு கட்டியிருந்தது. கறுத்த விரலால் அதை உடைத்து, மாலிஸின் வாயில் தண்ணீரை ஊற்றினாள். பக்கத்துக் குடிலில் இலைகளுக்காக இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.